தாய்மாமன் வரிசையில் வந்த கார்

திருவண்ணாமலையை ஒட்டின அடி அண்ணாமலை கிராமத்து வேடியப்பனுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தங்கச்சி. நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் இவனுக்கும் அருணாதேவிக்கும் ஒரு மாமாங்கம் வித்தியாசம். அப்பன் சடையன் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போது பாம்பு தீண்டிப் போய்ச் சேர்ந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அம்மா சந்திரம்மாள் களை வெட்டப் போய்விடுவாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தது இவன்தான். பள்ளிக்கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனான். வாத்தியார் ஒருநாள், "ஒண்ணு நீ படி, இல்ல அவள வளர்" என்றார். எட்டாவதோடு நின்றுவிட்டான்.

அதுக்கப்புறம் செங்கம் ரோட்டில் டீக்கடையில் கிளாஸ் கழுவினான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்குப் பெட்டி தூக்கினான். டிரைவிங் பழகினான். இப்போது சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ இருக்கிறது. காலையில் தண்ணி கேன், அப்புறம் கிடைத்த சரக்கு. பௌர்ணமியன்று மலைசுத்துற ரோட்டில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் அன்றைக்கு மட்டும் வீட்டில் படுத்துத் தூங்குவான்.

சண்டை போடத் தெரியாத மனுஷன். யாராவது ஒரு தப்பை அவன் மேல் போட்டால், துண்டைத் தோளில் போட்டுக்கொள்கிற மாதிரி போட்டுக்கொண்டு போய்விடுவான். அவன் பெண்சாதி கஸ்தூரி அதற்கு நேர் எதிர். "உங்கள பெத்தாங்களா, இல்ல பொறுமைக்கு நேந்து விட்டாங்களா?" என்று கேட்பாள். அதற்கும் சிரிப்பான்.

தங்கச்சியை வேங்கிக்காலில் கொடுத்தான். மாப்பிள்ளை கோபி, கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், ஆனால் அப்பா எதிரில் வாய் திறக்கமாட்டான். அப்பா இராமலிங்கம் கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஆள் பென்ஷனுக்கு வந்தும் குரல் மட்டும் இன்னும் டியூட்டியில்தான் இருந்தது. வீட்டுக்குள் தண்ணி கேட்டாலும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்.

அருணாதேவிக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்துத்தான் பிள்ளை தங்கியது. அதுவும் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. உள்ளங்கை அளவு குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆதவன் என்று பேர் வைத்தார்கள். கண் நல்ல கண், வாய் நல்ல வாய். கால் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். குதிகால் தரையில் படாது.

முதல் பிறந்தநாள் வந்தது. இவர்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பிறந்தநாளுக்குத் தாய்மாமன் நடைவண்டி கொண்டுவர வேண்டும். தங்கம் எவ்வளவு வைத்தாலும் நடைவண்டி இல்லாத வரிசை மொட்டை வரிசைதான். வேடியப்பன் தேரடி வீதியில் மர வண்டி ஒன்று பார்த்தும் வைத்துவிட்டான். அப்போது அருணாதேவி போன் பண்ணினாள்.

"அண்ணா, நடைவண்டி கொண்டாராதே. அதுல நிக்கவே வெக்கக் கூடாதுனு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"கால் நரம்பு இறுக்கம்னு சொல்றாங்கண்ணா. பயிற்சி குடுத்துக்கினே இருந்தா அஞ்சு ஆறு வயசுல புடிச்சிகினு நிக்கலாமாம். விட்டுட்டா அப்படியே மடங்கிடுமாம். இவருக்குத் தெரியும். மாமாகிட்ட சொன்னோம், காதுல வாங்கல. சொந்தக்காரங்க யாருக்கும் தெரிய வேணாம்ணா. எம் புள்ளைய பார்த்து உச்சு கொட்டுவாங்க. என்னால முடியாது."

வேடியப்பன் மோதிரமும் அரைஞாண் கொடியும் வைத்துக்கொண்டு போனான். கூட்டத்துக்கு நடுவில் இராமலிங்கம் தட்டுகளை ஒரு நோட்டம் விட்டார்.

"இன்னா வேடியப்பா, நடைவண்டிய பஸ்லயே உட்டுட்டு எறங்கிட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அருணாதேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறந்துட்டேன் மாமா" என்றான்.

மறுபடி நடைவண்டி கொடுக்க முறை கிடையாது. அன்றிலிருந்து இராமலிங்கத்துக்கு ஒரே பேச்சு. பேரனுக்குக் கால் வராததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "மாமன் வண்டி வராத கால் எப்படிம்மா நடக்கும்?" என்று எல்லாரிடமும் சொல்வார். கோபத்தில் சொல்வதில்லை. பேரன் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன், ஏதாவது ஒரு காரணம் கையில் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "எங்க கோபியே ரெண்டரை வயசுல தான் நடந்தான்" என்பது இன்னொன்று.

வாரத்துக்கு இரண்டு நாள் அருணாதேவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பயிற்சி கொடுக்கிற இடத்துக்குப் போய்வந்தாள். அங்கே காலை நீட்டி, மடக்கி, பிடித்து இழுப்பார்கள். பிள்ளை வீறிட்டு அழும். ஒருநாள் கூடப் போன இராமலிங்கம் பாதியில் எழுந்து வெளியே வந்து ரோட்டில் நின்று அழுதார். "கொழந்தைய கசாப்புக் கடையில உடற மாதிரி உடறீங்களே" என்று அன்றைக்குப் பூரா சாப்பிடவில்லை. கோபி எப்படியோ கெஞ்சிக் கூத்தாடித்தான் அது நடந்துகொண்டிருந்தது.

மூணு வயசு முடிந்து காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். இராமலிங்கமே அடி அண்ணாமலைக்கு வந்தார். கஸ்தூரி மோர் கொடுத்தாள்.

"வேடியப்பா, தட்டு எத்தனைனு நான் கேக்க மாட்டேன். உன் சக்தி. ஆனா வரிசைக்கு முன்னால ஒரு வண்டி வரணும். மாமன் வாங்கிக் குடுத்த வண்டியில உக்காந்து எம் பேரன் மண்டபத்துக்குள்ள வரணும்."

"நடைவண்டிங்களா மாமா?" என்றாள் கஸ்தூரி.

"அந்தக் காலம் முடிஞ்சி போச்சும்மா. இப்ப புள்ளைங்களே ஓட்டற வண்டிதான் வருதே. கால் வெச்சி ஓட்டட்டும், கால் தானா வரும். அன்னிக்கு மறந்த மாதிரி இன்னிக்கும் மறந்துடாதே, ஆமா."

அவர் தெரு திரும்பும் வரைக்கும் கஸ்தூரி பொறுத்தாள்.

"அன்னிக்கே உண்மைய சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"தங்கச்சி சொல்லாதேன்னிச்சே."

"தங்கச்சி சொன்னா கெணத்துல குதிப்பீங்களா?"

"தண்ணி கம்மியா இருந்தா குதிக்கலாம்."

"நல்லா பேசுங்க. வண்டி வாங்கப் போறப்ப இந்த வாய் இருக்கான்னு பார்க்கறேன்."

இருக்கவில்லை. தேரடி வீதிப் பொம்மைக் கடையில் காலை வைத்ததுமே அப்படியே நின்றுவிட்டான். தரையிலும் சுவரிலும் எங்கே பார்த்தாலும் சக்கரம். மூணு சக்கர சைக்கிள், யானை முகம் வைத்த வண்டி, சக்கரம் வைத்த குதிரை, போலீஸ் ஜீப், புல்லட் மாதிரி ஒன்று. கடையில் நின்ற பொண்ணு பேரு சினேகா. சுறுசுறுப்பான பொண்ணு.

"யாருக்குண்ணா?"

"தங்கச்சி மகனுக்கு. காதுகுத்து."

"அப்ப தாய்மாமன் சீரா! பெருசா எடுக்கணுமே. எத்தனை வயசு?"

"மூணு."

சினேகா ஒரு சைக்கிளை இழுத்து வந்தாள். "மூணு வயசுக்கு இதுதாண்ணா கரெக்ட். பெடல் எட்டுமா? ஒயரம் எவ்ளோ இருப்பான்?"

வேடியப்பன் உயரம் காட்டக் கையைக் கீழே கொண்டுபோனான். கை முட்டிக்கு வந்தது, தொடைக்கு ஏறியது, எங்கேயும் நிற்கவில்லை. ஆதவன் நின்று அவன் பார்த்ததே இல்லை. மடியில் உட்கார்ந்தால் கனம் தெரியும், தோளில் படுத்தால் நீளம் தெரியும். உயரம் தெரியாது.

"இவ்ளோ இருப்பான்" என்று எங்கேயோ ஒரு இடத்தில் கையை வைத்தான்.

"அப்ப எட்டும்ணா."

"பெடல் இல்லாம எதுனா?"

அவள் யானை வண்டியைக் காட்டினாள். உட்கார்ந்துகொண்டு இரண்டு காலாலும் தரையை உந்த வேண்டும். வேடியப்பன் வேண்டாம் என்று தலையாட்டினான். ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினால் தானாக நகருகிற வண்டி ஒன்று காட்டினாள். காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டால் போதும். அது கொஞ்சம் மனசுக்குப் பிடித்தது. ஆனால் சாய்மானம் கிடையாது. தலகாணி முட்டுக் கொடுக்காமல் ஆதவன் உட்கார்ந்தால் பக்கவாட்டில் சரிந்துவிடுவான். குதிரையில் கால் அகட்டி உட்கார வேண்டும், அவனுக்குக் கால் அகலாது. வேடியப்பன் ஒவ்வொரு வண்டிக்கும் குனிந்து, கால் எங்கே வைக்கிறது, முதுகு எங்கே சாய்கிறது என்று தடவிப் பார்த்தான்.

"இன்னாண்ணா நீங்க, எல்லாத்துலயும் காலையே பார்த்துக்கினு இருக்கீங்க? செருப்புக் கடைக்கு வந்த மாதிரி."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டு தங்கச்சிக்குப் போன் பண்ணினான்.

"அம்மா, எந்த வண்டியும் ஆகல."

"வண்டியே வேணாம்ணா. வெள்ளித் தட்டு எதுனா வாங்கிடு."

"மாமா வீடு தேடி வந்து கேட்டுட்டாரும்மா."

"உன் இஷ்டம்ணா" என்று வைத்துவிட்டாள்.

உடனே கோபி கூப்பிட்டான். தணிந்த குரலில் பேசினான். "மச்சான், பேட்டரி கார்ல ரிமோட் வெச்சது வருது. புள்ள சும்மா உக்காந்தா போதும். பெல்ட் இருக்கும். நான் தூரத்துல நின்னு ஓட்டிக்கறேன். யாருக்கும் தெரியாது."

"மாமாவுக்கு?"

"அப்பாவுக்கு ரிமோட்னா டிவி ரிமோட்தான் தெரியும். அன்னிக்கு ஒருநாள் பொழுது கழிஞ்சா போதும் மச்சான். அருணா மூஞ்சிய பார்க்க முடியல."

வேடியப்பன் திரும்ப உள்ளே போனான். சினேகா ஒரு சிவப்புக் காரை நடுவில் தள்ளி வந்து, கையில் சின்ன ரிமோட்டை வைத்து அமுக்கினாள். ஆளில்லாத கார் விர்ரென்று போய், தானே வளைந்து, பந்துக் குவியலுக்கு முன்னால் நின்றது. ஸ்டீரிங் தானாகத் திரும்பியது. ஹாரன் அடித்தது. பாட்டுப் பாடியது. சாய்ந்துகொள்ள நல்ல சீட்டு. கீழே காலுக்கு ஒரு பெடல் இருந்தது.

"இது எதுக்கு?"

"அது ஆக்ஸிலேட்டர்ணா. புள்ளைங்க மிதிச்சா ஓடும். மிதிக்கலன்னாலும் ரிமோட்ல ஓட்டிக்கலாம். புள்ள தானே ஓட்டற மாதிரியே இருக்கும், போட்டோ சூப்பரா வரும்."

இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்தது ஏதோ இறங்கின மாதிரி இருந்தது வேடியப்பனுக்கு. வேறு எதையும் பார்க்கவில்லை. "இதையே கட்டிடும்மா" என்றான்.

காதுகுத்து அன்று மண்டபத்து வாசலில் மேளம், சரவெடி. வரிசைத் தட்டுகளோடு பொம்பளைகள் நின்றார்கள். காலையில் மொட்டையடித்துச் சந்தனம் பூசின தலையோடு ஆதவனைக் காரில் உட்கார வைத்தான் வேடியப்பன். இரண்டு பக்கமும் துண்டை மடித்துச் செருகி, மேலே பட்டு வேட்டியை இழுத்துவிட்டு மூடினான். கால் எங்கே இருக்கிறது என்பது வெளியில் தெரியவில்லை.

"மாமா, கார் எனுக்கா?"

"உனுக்குத்தாண்டா கண்ணு. ஸ்டீரிங்க புடி."

கோபி தூணுக்குப் பின்னால் பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்றான். கார் கிளம்பியது. மேளக்காரர் முன்னால், கார் பின்னால், தட்டுகள் அதற்குப் பின்னால். மண்டபத்து நடுப் பாதையில் ஆதவன் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, "தள்ளு, தள்ளு, கார் வருது" என்று கத்திக்கொண்டே போனான். சனம் எழுந்து நின்று பார்த்தது. மொபைலைத் தூக்கிப் பிடிக்காத கை இல்லை. அருணாதேவி வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து வேடியப்பன் பார்க்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேடைக்கு முன்னால் நின்ற இராமலிங்கம் குனிந்து காரையே பார்த்தார். கார் நின்றதும் நிமிர்ந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மலை இருக்கிற பக்கம் திரும்பி, அத்தனை பேர் நடுவிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

கூட்டமும் அரோகரா போட்டது. மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். ஆதவன் கொஞ்சம் அழுதான், சர்க்கரை வாயில் போட்டதும் நிறுத்தினான். பந்தியில் இராமலிங்கம் வேடியப்பன் இலைக்குத் தானே வந்து பாயசம் ஊற்றினார். "மாமன்னா நீதாண்டா மாமன்" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த வாரமே முடிந்தது. தண்ணி கேன் இறக்கிக்கொண்டிருந்தபோது தங்கச்சி போன்.

"அண்ணா, இனிமே பயிற்சிக்குக் கூட்டிகினு போகக் கூடாதாம்."

"யாரு சொன்னது?"

"மாமாதான். 'அவந்தான் ஆக்ஸிலேட்டர் மிதிச்சி வண்டி ஓட்டறானே, அப்புறம் எதுக்குப் புள்ளைய கொண்டுபோய் அலற உடறீங்க'ங்கறாரு. இல்ல மாமானு நான் சொன்னா, 'முப்பது வருஷம் பஸ்ல டிரைவர் பக்கத்துல நின்னவன் நான். மிதிக்காம எந்த வண்டிம்மா நகரும்? எனக்கே கத்துத் தரியா?'ங்கறாரு."

வேடியப்பன் கேனைக் கீழே வைத்தான். மாமா அன்றைக்குக் குனிந்து பார்த்தது பெடலைத்தான் என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"மாப்பிள்ள சொல்லட்டும்மா. ரிமோட்டுனு சொல்லிட்டா தீர்ந்துச்சு."

"அவரா? சாயங்காலம் ஆச்சுன்னா மாமா கார எடுத்து வாசல்ல வெக்கறாரு, புள்ளைய உக்கார வெக்கறாரு. இவரு கடைய பாதியில மூடிட்டு ஓடிவந்து ஜன்னலாண்ட நின்னு ரிமோட் அமுக்கறாருண்ணா. தெனமும்."

வேடியப்பன் கோபியின் கடைக்குப் போனான். ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கோபி காகிதத்தை அடுக்குகிற மாதிரி பாவனை பண்ணினான்.

"சொல்லிடுங்க மாப்ள."

"எப்படிச் சொல்றது மச்சான்? டிப்போல பழைய ஆளுங்க எல்லாத்துக்கும் போன் போட்டுட்டாரு. டீக்கடையில, ரேஷன் கடையில, எங்க பார்த்தாலும் எம் பேரன் மிதிச்சான் மிதிச்சான்னு. நேத்து செங்கத்துல இருந்து ரெண்டு பேர் பார்க்கறதுக்கே வந்தாங்க. இப்ப போய் பொய்யினு சொன்னா அவரு தெருவுல தலை காட்டுவாரா? கொஞ்ச நாள் போகட்டும். தானா மறந்துடுவாரு."

கொஞ்ச நாள் போயிற்று. ஒரு பௌர்ணமி வந்து போயிற்று. அன்றைக்கு வேடியப்பன் தூங்கவில்லை. மலை சுற்றுகிற சனம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. கஸ்தூரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போய்ச் சொல்லுங்க."

"சொன்னா கோபிக்கும் அவருக்கும் ஆகாம போயிடும். அப்புறம் அருணா அந்த வீட்டுல எப்படி இருக்கும்?"

"சொல்லலன்னா புள்ள எப்படி இருக்கும்?"

அவள் அதற்குமேல் பேசாமல் எழுந்து போனாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் பேச்சை நடுவில் விட்டதே இல்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் அருணாதேவி, இராமலிங்கம் தூங்குகிற நேரம் பார்த்து, அண்ணனை வரச் சொன்னாள். பாயில் கிடந்த பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக் காட்டினாள். முன்னே கொஞ்சம் மடங்கின பாதம் இப்போது அசையவில்லை. விறைத்து, விரல் கீழ்நோக்கி நின்றது. "நேத்து மாமாவுக்குத் தெரியாம அந்தப் பயிற்சி அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேண்ணா. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே உட்டா கத்தி வெச்சித்தான் சரி பண்ணணும்னு சொல்றாங்க." அழவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேடியப்பன் போகவில்லை. சாயங்காலம் வரைக்கும் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

இராமலிங்கம் எழுந்து முகம் கழுவி, காரைத் துடைத்து வாசலில் வைத்தார். பேரனை உட்கார வைத்துப் பெல்ட் போட்டார். "வாடா வேடியப்பா, நல்ல நேரத்துல வந்தே. உன் மருமவன் ஓட்டறத பாரு." பழைய விசிலை வாயில் வைத்து ஊதினார். "வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸ், பெரிய கோயில்! போலாம், ரைட்!"

ஜன்னலில் கோபியின் நிழல் தெரிந்தது. கார் நகர்ந்தது. ஆதவன் கெக்கெக்கென்று சிரித்தான். கிழவரும் கூடவே ஓடினார்.

"மாமா" என்றான் வேடியப்பன். "அவன் ஓட்டல மாமா."

"இன்னாடா?"

"ரிமோட்ல ஓடுது. டிவி மாதிரி. புள்ள மிதிக்கல. அவனால மிதிக்க முடியாது மாமா."

இராமலிங்கம் சிரித்தார். "உனுக்குப் பொறாமையா?" என்றுகூடக் கேட்டார். வேடியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பி, "மாப்ள, கைய எடுங்க" என்றான். கார் நின்றது.

"ஆதவா, மிதிடா ராசா. தாத்தா சொல்றேன்ல, மிதி" என்று குனிந்தார் இராமலிங்கம்.

பிள்ளை தன் காலைப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முக்கியது. முகம் சிவந்தது. தோள் அசைந்தது, கழுத்து அசைந்தது. பெடல் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வரமாட்டேங்குது தாத்தா" என்றது. பிறகு, "நீ ரைட் சொல்லு, அப்பதான் போகும்" என்றது.

இராமலிங்கம் ரைட் சொல்லவில்லை. பட்டு வேட்டி இல்லாத அந்தக் காலை, பெடலுக்கு நாலு விரல் மேலே விறைத்து நின்ற பாதத்தை, முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கோபி வெளியே வந்து ரிமோட்டை மதில் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"எவ்ளோ நாளா?" என்றார். குரலே இல்லை. பிறகு குரல் வந்தது, தெரு பூரா கேட்கிற மாதிரி வந்தது. "என்னை வெச்சி வேடிக்கை காட்டினீங்களா? செங்கத்துல இருந்து ஆளுங்கள வரவழைச்சனேடா! எம் பையனுக்கு இந்தப் புத்தி கெடையாது. நீ சொல்லிக் குடுத்தே. நடைவண்டி கொண்டாந்து நடக்க வெக்க துப்பில்ல, பொய் வண்டி கொண்டாந்தே!"

வேடியப்பன் கோபியைப் பார்த்தான். கோபி செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருணாதேவி வாசலில் வந்து நின்று, புருஷன் முகத்தையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமா மாமா, நாந்தான்" என்றான் வேடியப்பன். "புள்ளைய மட்டும் பயிற்சிக்கு அனுப்புங்க மாமா. கால்ல உழறேன்."

"கூட்டிகினு போங்க! அறுங்க, இழுங்க, இன்னா வேணா பண்ணுங்க. எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்க வேணாம்." இராமலிங்கம் பேரனின் பெல்ட்டைக் கழற்றினார். கொக்கி சீக்கிரம் வரவில்லை. பிள்ளையைத் தூக்கி மருமகளிடம் கொடுத்தார். "உன் வண்டிய நீ எடுத்துக்கினு போ. இந்த வாசல்ல இனிமே உன் வண்டி நிக்கக் கூடாது, ரெண்டு வண்டியும்தான் சொல்றேன்."

வேடியப்பன் காரைத் தூக்கி லோடு ஆட்டோவில் காலிக் கேன்களுக்கு நடுவில் வைத்தான். அதைப் பார்த்ததும் ஆதவன் அம்மா இடுப்பிலிருந்து இரண்டு கையையும் நீட்டி அலற ஆரம்பித்தான். "மாமா, எங் காரு! மாமா, எங் காரு!" அருணாதேவி அவனை அணைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். சத்தம் தெருக்கோடி வரைக்கும் வந்தது. வண்டியை நிறுத்தவும் முடியாமல், வேகமாக ஓட்டவும் முடியாமல் வந்து சேர்ந்தான்.

இப்போது கார் அடி அண்ணாமலை வீட்டுக் கூடத்து மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கஸ்தூரி ஒருதரம் சொன்னாள். அப்புறம் அவளும் அதன் மேல் துவைத்த துணியை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். வேங்கிக்காலில் தண்ணி கேன் போடுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டான் வேடியப்பன். அந்தத் தெரு வழியாகப் போகவேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போகிறான்.

செவ்வாயும் வெள்ளியும் அருணாதேவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாள். ஆட்டோவில் திரும்பும்போது அண்ணனுக்குப் போன் பண்ணுகிறாள், வீட்டில் இருந்து பண்ண முடியாது.

"இன்னிக்கு எப்படிம்மா?"

"அழுதாண்ணா. ரொம்ப அழுதான். உட்டுப்போனதெல்லாம் மறுபடி மொதல்ல இருந்து பண்றாங்க."

"குதிகால்?"

"இன்னும் படல. பார்க்கலாம்னு சொல்றாங்க."

"புள்ளைகிட்ட குடு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்கும். ஆதவன் தேம்பிக்கொண்டே, "மாமா, எப்ப கார் எடுத்துக்கினு வருவே?" என்று கேட்பான். அந்தப் பக்கம் ஆட்டோ இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும்.

"அம்மாகிட்ட குடுடா கண்ணு" என்பான்.